வாசகர் கேள்வி–பதில்: ஹார்ட் டிஸ்க்கின் தலையும் தட்டும்

கேள்வி (பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்): கம்பிச்சுருளுக்கு அருகே காந்தம் நகர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று படித்திருக்கிறோம். ஹார்ட் டிஸ்க்கில் காந்தப் பதிவுகள் தலைக்கு அடியில் ஓடிக்கொண்டேதானே இருக்கின்றன? அப்படியிருக்க, இன்றைய தலைகள் மின்தடை மாறுவதை வைத்துத் தகவலைப் படிக்கின்றன என்கிறார்களே, ஏன்?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். ஹார்ட் டிஸ்க் தோன்றியதிலிருந்து முதல் 35 ஆண்டுகள் அந்த விதியை நம்பித்தான் இயங்கியது. 1956இல் ஐபிஎம் நிறுவனம் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் உருவாக்கி வெளியிட்ட ராமாக் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. தட்டின் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் கலந்த பூச்சு இருந்தது. தலை என்பது கம்பி சுற்றிய, ஓரிடத்தில் மெல்லிய இடைவெளி விட்ட ஒரு காந்த வளையம். அந்தச் சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்தி எழுதினார்கள். படிக்கும்போது அதே சுருளில் தூண்டப்பட்ட மின்னழுத்தத்தை எடுத்துப் பெருக்கிக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம், நீங்கள் படித்த அந்தப் பாரடேயின் விதிக்குள்ளேயே இருக்கிறது. தூண்டப்படும் மின்னழுத்தம், காந்தப்பாயம் (சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) எவ்வளவு என்பதைப் பொறுத்து அமைவதில்லை. அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் சுருளில் எத்தனை சுற்றுகள் உள்ளன என்பதையும் பொறுத்தே அமைகிறது. 14 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 3600 சுற்றுகள் சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 67 மீட்டர் வேகத்தில் தலையைக் கடந்து செல்லும். அதே சுழற்சியில் 3.5 அங்குலத் தட்டின் விளிம்பு 17, 18 மீட்டர் வேகத்தில்தான் கடக்கும். 1980களில் தட்டு சுருங்கியது, பதிவும் சுருங்கியது, ஆகவே ஒவ்வொரு பதிவும் அனுப்பும் காந்தப்பாயமும் குறைந்தது. கம்பிச் சுற்றுகளைக் கூட்டி இதை ஈடுகட்டப் பார்த்தால், மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தூண்டல் எண்ணும் சுருளின் மின்தடையும் உயர்ந்து, தலை மந்தமாகி, இரைச்சலும் கூடியது. மெல்லிய படலமாகச் சுருளைப் படியவைக்கும் முறை 1979இல் ஐபிஎம் 3370 ஹார்ட் டிஸ்க்கில் வந்து சில ஆண்டுகளுக்கு வழிவிட்டது. ஆனால் அடிப்படைத் தடை அப்படியே நின்றது.

தீர்வு 1857இலிருந்தே இயற்பியலில் காத்திருந்தது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், இரும்பும் நிக்கலும் காந்தமாக்கப்படும்போது அவற்றின் மின்தடை, மின்னோட்டத்தின் திசைக்கும் காந்தமாக்கலின் திசைக்கும் இடையிலான கோணத்தைப் பொறுத்து மாறுவதை அந்த ஆண்டில் கண்டறிந்தார். 1971இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ராபர்ட் ஹன்ட் இதையே வாசிப்புத் தலையாகப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தார். ஐந்தில் நான்கு பங்கு நிக்கலும் ஒரு பங்கு இரும்பும் கொண்ட பெர்மல்லாய் என்ற உலோகக்கலவையின் மெல்லிய பட்டையில் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். தட்டின் பதிவிலிருந்து வரும் காந்தப்புலம் பட்டையின் காந்தமாக்கலைச் சற்றுத் திருப்ப, மின்தடை அதிகபட்சம் 2 விழுக்காடு அளவுக்கு மாறும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த 2 விழுக்காடு தட்டின் வேகத்தைச் சார்ந்ததன்று. புலம் இருக்கும்வரை சமிக்ஞையும் இருக்கும்.

1991இல் ஐபிஎம் இத்தகைய தலையை ஹார்ட் டிஸ்க்கில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தத் துறையின் வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் இதுதான் என்பது என் கருத்து. சமிக்ஞை வலுத்தது என்பது அதன் ஒரு பாதி மட்டுமே. எழுதும் தலையும் படிக்கும் தலையும் அன்றுதான் பிரிந்தன என்பது மறுபாதி. அதுவரை ஒரே வளையம் இரண்டு வேலையையும் செய்ததால், ஒன்றுக்கு ஏற்ற வடிவம் மற்றொன்றுக்குக் குறையாக முடிந்தது. பிரிந்த பிறகு, எழுதும் முனையை மிக வலிமையான காந்தப்புலம் தரும் இரும்பு–கோபால்ட் கலவையால் செய்ய முடிந்தது. படிக்கும் உணரியையோ இரண்டு பெர்மல்லாய்க் கவசங்களுக்கு நடுவே வைத்து, முன்னும் பின்னும் உள்ள பதிவுகளின் புலம் அதை எட்டாமல், நேர் கீழே உள்ள பதிவை மட்டும் அது உணரும்படி அமைக்க முடிந்தது. இன்றைய தலைகளில் அந்தக் கவசங்களுக்கு இடையிலான இடைவெளி சில பத்து நானோமீட்டர்தான்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், திருச்சி): 2007இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டுக்கும் பீட்டர் குரூன்பெர்க்குக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் 1988இல் கண்டறிந்த விளைவு பத்தாண்டுக்குள் கடையில் விற்கும் பொருளுக்குள் வந்துவிட்டதாக வாசித்தேன். அது எப்படிச் சாத்தியமாயிற்று? இன்றும் அதே விளைவுதான் பயன்படுகிறதா?

பதில்: முதலில் அவர்கள் கண்டது என்ன என்று பார்ப்போம். பாரிஸுக்கு அருகிலுள்ள ஓர்சேயில் ஃபெர்ட்டின் குழுவினர், ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள குரோமியப் படலங்களையும் இரும்புப் படலங்களையும் மாற்றி மாற்றி அடுக்கினர். குரோமியம் அந்தத் தடிமனில் இருக்கும்போது அடுத்தடுத்த இரும்புப் படலங்கள் தாமாகவே எதிரெதிர் திசையில் காந்தமாகி நிற்கும். வலிமையான வெளிப்புலத்தைக் கொடுத்து அனைத்தையும் ஒரே திசைக்குத் திருப்பியபோது, திரவ ஹீலியத்தின் குளிரில் அந்த அடுக்கின் மின்தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஜெர்மனியின் யூலிச் ஆய்வு மையத்தில் குரூன்பெர்க்கின் குழு, மூன்றே படலங்களில் அதே விளைவைச் சிறிய அளவில், அறை வெப்பநிலையில் கண்டது. பேரளவுக் காந்த மின்தடை என்ற பெயர் இதற்கு நிலைத்தது.

காரணம் எலக்ட்ரானின் தற்சுழற்சி, அதாவது அதை ஒரு சிறு காந்தம் போல ஆக்கும் இயல்பு. ஒரு காந்தப் படலத்தின் திசைக்கு இசைந்த தற்சுழற்சியுள்ள எலக்ட்ரான்கள் அதன் வழியே எளிதாகச் செல்லும், இசையாதவை சிதறடிக்கப்படும். எல்லாப் படலங்களும் ஒரே திசையில் இருந்தால், ஒரு வகை எலக்ட்ரான்களுக்கு முழுப் பாதையும் திறந்திருக்கும். படலங்கள் எதிரெதிராக இருந்தால், இரண்டு வகையும் ஏதாவது ஒரு படலத்தில் சிக்கிக்கொள்ளும், மின்தடை உயரும்.

இதை அப்படியே தலையில் வைக்க முடியாது. படலங்களைத் திருப்ப ஃபெர்ட்டின் சோதனையில் தேவைப்பட்ட புலம் 2 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) அளவிலானது. தட்டின் பதிவு தரும் புலமோ அதில் மிகச் சிறு பங்கு. அந்தப் படலங்களை வளர்க்கப் பயன்பட்ட மூலக்கூற்றுக் கற்றை முறையும் (வெற்றிடத்தில் அணுக்களை மெல்ல மெல்லப் படியவைப்பது) தொழிற்சாலைக்கு ஏற்ற வேகமுடையதன்று. இந்த இடத்தில்தான் ஐபிஎம்மின் அல்மடேன் ஆய்வகத்தில் இருந்த ஸ்டூவர்ட் பார்க்கினின் உழைப்பு வருகிறது. ஆலைகளில் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த, அயனிகளால் உலோகத்தை மோதி அணுக்களைத் தெறிக்கவைத்துப் படியவைக்கும் முறையிலேயே இத்தகைய அடுக்குகளைச் செய்ய முடியும் என்று அவர் காட்டினார். கோபால்ட், தாமிரம், ருத்தேனியம் என்று உலோகத்தை மாற்றியும் தடிமனை மாற்றியும் ஏராளமான சேர்க்கைகளை அளந்து, இடைப்படலத்தின் தடிமன் கூடக் கூட, காந்தப் படலங்கள் ஒரே திசையை நாடுவதும் எதிர்த்திசையை நாடுவதும் மாறி மாறி வருவதைக் கண்டார். நோபல் குழு இருவரை மட்டும் தேர்ந்தது அதன் முடிவு. எனினும் கண்டுபிடிப்பு வீடுகளுக்கு வந்து சேர்ந்த கதையில் பார்க்கினின் பெயரை விட்டுவிட முடியாது.

1991இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘ஸ்பின் வால்வு’ அமைப்பு மீதித் தடையையும் நீக்கியது. அதில் ஒரு காந்தப் படலம் அருகிலுள்ள எதிர்பெர்ரோ காந்தப் பொருளால் (அடுத்தடுத்த அணுக்களின் காந்தம் எதிரெதிராக நிற்கும் பொருள்) ஒரே திசையில் பூட்டப்பட்டிருக்கும். இரண்டு நானோமீட்டர் அளவிலான தாமிரப் படலத்துக்கு அப்பால் மற்றொரு காந்தப் படலம் தளையின்றி இருக்கும். தளையற்ற படலம் ஓய்வு நிலையில் பூட்டப்பட்ட படலத்துக்குச் செங்குத்தான திசையில் நிற்கும்படி செய்திருப்பார்கள். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை உங்கள் மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்தே காட்டலாம்: தட்டின் புலம் மேல்நோக்கி இருந்தால் படலம் ஒரு பக்கம் சாய்ந்து மின்தடை குறையும், கீழ்நோக்கி இருந்தால் மறுபக்கம் சாய்ந்து மின்தடை கூடும். ஆகவே பதிவின் வலிமையோடு அதன் திசையும் நேரடியாகத் தெரிந்துவிடும். 1997ஆம் ஆண்டின் இறுதியில் 16.8 கிகாபைட் கொள்ளளவோடு வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 16ஜிபியில் இந்தத் தலை முதன்முதலாக இடம்பெற்றது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: இல்லை. 2000களின் நடுப்பகுதியிலிருந்து தாமிரத்தின் இடத்தை மின்கடத்தாப் படலம் பிடித்துவிட்டது. மரபான இயற்பியலின்படி அதன் ஊடே மின்னோட்டம் செல்லவே கூடாது. ஆனால் படலம் ஒரு நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தால், குவாண்டம் விதிகளின்படி எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிச் செல்லும், அப்படிச் செல்வதும் இருபுறக் காந்தத் திசைகளைப் பொறுத்தே அமையும். பிரான்ஸின் மிஷெல் ஜூலியே 1975இல் கடுங்குளிரில் இதைக் கண்டார். அறை வெப்பநிலையில் இது பயன்தரும் அளவுக்குக் கிடைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலுமினியம் ஆக்சைடு படலத்தைக் கொண்டு ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் தெருநொபு மியாசாகியும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜகதீஷ் மூடேராவும் தனித்தனியே அதைச் சாதித்தனர். மூடேரா சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

அலுமினியம் ஆக்சைடின் இடத்தில் சீராகப் படிகமான மக்னீசியம் ஆக்சைடை வைத்தால் விளைவு பன்மடங்காகும் என்று 2001இல் கோட்பாட்டாளர்கள் கணித்தனர். 2004இல் பார்க்கினின் குழுவும், ஜப்பானில் ஷின்ஜி யுவாசாவின் குழுவும் ஏறத்தாழ 200 விழுக்காடு மாற்றத்தை அளந்து காட்டின. இருந்தாலும் தலையைச் செய்பவர்கள் மிகப் பெரிய விழுக்காட்டை மட்டும் தேடிச் செல்வதில்லை. படலம் தடித்தால் மின்தடை ஏறி, நொடிக்குப் பல கோடி பதிவுகளைப் படிக்கும் வேகம் கிட்டாமல் போகும். ஆகவே விழுக்காட்டில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாவது, துளை விழாத, மிக மெல்லிய படலத்தைத்தான் அவர்கள் நாடுகிறார்கள்.

கேள்வி (புகைப்பட நிலைய உரிமையாளர், நாகர்கோவில்): வாடிக்கையாளர்களின் திருமணப் படங்களையும் காணொளிகளையும் ஹார்ட் டிஸ்க்குகளில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். பல ஆண்டுகள் அப்படியே கிடந்தால் காந்தம் தானாக மங்கி, பதிவு அழிந்துவிடுமா?

பதில்: காந்தத்தைப் பற்றி நீங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த நிம்மதி இயல்பாகக் கிடைத்ததன்று. தட்டின் பொருளை வடிவமைப்பவர்கள் கணக்குப் போட்டு வாங்கித் தந்தது.

தட்டின் காந்தப் படலம், கோபால்ட்–குரோமியம்–பிளாட்டினம் கலவையாலான எட்டு நானோமீட்டர் அளவுள்ள நுண்படிகத் துகள்களால் ஆனது. ஒன்றின் காந்தம் அடுத்ததைத் தன் பக்கம் இழுத்துவிடாதபடி, துகள்களுக்கு நடுவே சிலிக்கன் ஆக்சைடு போன்ற காந்தமற்ற பொருள் சுவராக நிற்கும். ஒரு பதிவு என்பது ஒற்றைத் துகள் அன்று, ஒரே திசையில் திரும்பியிருக்கும் துகள்களின் சிறு கூட்டம். ஒவ்வொரு துகளும் தன் திசையிலிருந்து புரள வேண்டுமானால் ஓர் ஆற்றல் மேட்டைத் தாண்ட வேண்டும். அந்த மேட்டின் உயரம், பொருளின் இயல்பையும் துகளின் கன அளவையும் பெருக்கினால் வருவது. அறை வெப்பநிலையில் அணுக்களின் அதிர்வு அந்தத் துகளை ஓயாமல் மேட்டின் மேல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மேட்டின் உயரத்தை வெப்ப ஆற்றலால் வகுத்துவரும் எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. துகள் நொடிக்கு நூறு கோடி முறை புரள முயல்கிறது என்று வழக்கமான மதிப்பை வைத்துக் கணக்கிட்டால், அந்த எண் 25 ஆக இருக்கும்போது பதிவு ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நிற்கும். 40 ஆனால் ஏழெட்டு ஆண்டுகள் நிற்கும். 60 ஆனால் முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். துகள்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை, பக்கத்துப் பதிவுகளின் புலமும் அவற்றைப் புரட்டப் பார்க்கும் என்பதால், ஏறத்தாழ 60 என்ற எண்ணைக் குறியாக வைத்தே தட்டுகள் செய்யப்படுகின்றன. ஆகவே உங்கள் பீரோவில் இருக்கும் தட்டின் பதிவுகள் வெப்பத்தால் மட்டும் உங்கள் காலத்தில் மங்கப்போவதில்லை.

இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் பொறியாளர்களை வாட்டுவது. கொள்ளளவைக் கூட்ட வேண்டுமானால் துகளைச் சிறிதாக்க வேண்டும். ஆனால் துகளின் நீள, அகல, உயரங்களைப் பாதியாக்கினால் கன அளவு எட்டில் ஒன்றாகிவிடும், 60 என்பது 7.5 ஆகிவிடும். தட்டின் தளத்திலேயே படுத்த வாக்கில் பதிவு செய்த காலத்தில், 1990களின் இறுதியில், இந்த எல்லை கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வந்துவிட்டது. 2001இல் ஐபிஎம் மூன்று அணுக்கள் தடிமனுள்ள ருத்தேனியத்தை இரு காந்தப் படலங்களுக்கு நடுவே வைத்துப் பதிவை உறுதிப்படுத்திச் சிறிது காலம் வாங்கிக்கொண்டது. பெரிய விடுதலை, தொஹோகு பல்கலைக்கழகத்தின் ஷுனிச்சி இவாசாகி 1970களிலேயே முன்வைத்து வாதாடிய செங்குத்துப் பதிவு முறையிலிருந்து வந்தது. காந்தத்தை மேலும் கீழுமாக நிறுத்தினால், எதிரெதிரான அண்டைப் பதிவுகள் ஒன்றையொன்று தாங்கும். தட்டின் அடியில் வைக்கும் மென்காந்தப் படலம் எழுதும் புலத்தைத் தன் வழியே திருப்பி அனுப்பி அதை வலுப்படுத்தும். தொஷிபா 2005இல் இந்த முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு கருத்தைக் கைவிடாமல் சுமந்த இவாசாகியின் பொறுமை எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது.

உங்கள் பீரோவுக்குத் திரும்புவோம். அங்கே முதலில் கெடக்கூடியவை சுழலியின் தாங்கி, மின்சுற்றுப் பலகை, இணைப்பு முனை ஆகியவை. எனவே ஒவ்வொரு திருமணத்துக்கும் இரண்டு பிரதிகளை இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில், முடிந்தால் இரண்டு கட்டடங்களில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அவற்றை ஓடவிட்டுக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். நாகர்கோவிலின் கடலோர ஈரத்துக்கு, மூடிய உறையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைப்பது நல்லது.

கேள்வி (இல்லத்தரசி, சேலம்): பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை என் மகன் மேசையில் இருந்த வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கின் மேல் வைத்துவிட்டான். உள்ளே இருப்பவை அழிந்திருக்குமா?

பதில்: டிஸ்க் அப்போது ஓடாமல் இருந்திருந்தால், அழிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். பழைய ஒலிநாடாவின் இரும்பு ஆக்சைடுக்குக் காந்த நீக்குத்திறன், அதாவது காந்தத்தைப் புரட்டத் தேவைப்படும் எதிர்ப்புலம், குறைவு, 0.03 டெஸ்லா அளவுள்ள புலமே அதைக் கலைத்துவிடும். வீட்டில் காந்தத்தைப் பற்றிய அச்சம் அந்தக் காலத்திலிருந்து வந்தது. இன்றைய தட்டைப் புரட்ட 0.5 டெஸ்லா அளவு தேவை. ஸ்பீக்கர் காந்தத்தின் புலம் உறையைத் தாண்டித் தட்டை அடைவதற்குள் அதைவிட மிகவும் குறைந்துவிடும். தலையைத் தாங்கும் கையை அசைப்பதற்காக, டிஸ்க்குக்கு உள்ளேயே, தட்டின் ஓரத்துக்குப் பக்கத்தில் வலிமையான நியோடிமியம் காந்தங்கள் இருக்கின்றன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் காந்தத்தை அருகில் கொண்டுவர வேண்டாம். அந்தக் கையின் அசைவு தடுமாறக்கூடும்.

கேள்வி (கணினி பழுதுபார்ப்பவர், மதுரை): ஹார்ட் டிஸ்க்கைச் சாதாரண அறையில் திறக்கவே கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். ஒரு சிறு தூசி அவ்வளவு கேடு செய்யுமா? தலைக்கும் தட்டுக்கும் இடையே எவ்வளவு இடம்தான் இருக்கிறது?

பதில்: பயிற்சியில் சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். நிமிடத்துக்கு 7200 சுற்றுகள் சுழலும் 3.5 அங்குலத் தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 125 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் மேல் தலை காற்றுப்படலத்தில் மிதக்கிறது. படிக்கும்போதும் எழுதும்போதும் தலைக்குள்ளேயே இருக்கும் சிறு சூடேற்றி, உணரி இருக்கும் இடத்தை மட்டும் சற்றுப் புடைக்கச் செய்து, தட்டிலிருந்து ஓரிரு நானோமீட்டர் தொலைவுக்குக் கொண்டுவரும். தலைமயிர் ஒன்றின் தடிமன் எழுபது, எண்பது ஆயிரம் நானோமீட்டர். புகைத் துகளே சில நூறு நானோமீட்டர் இருக்கும்.

இவ்வளவு நெருங்கக் காரணம், பதிவின் புலம் தொலைவு கூடக் கூடச் சிறு பதிவுகளுக்கு மிக வேகமாகத் தேய்ந்துவிடுவதுதான். அதனால் தட்டின் பாதுகாப்புக்கென்று ஒதுக்கும் தடிமனும் இந்தக் கணக்கில் சேரும். காந்தப் படலத்தின் மேல் வைரம் போன்ற கடினமான கரிமப் படலம் இரண்டு மூன்று நானோமீட்டர், அதற்கும் மேல் புளூரின் சேர்ந்த மசகுப் பொருள் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். உங்கள் விரல் ஒருமுறை பட்டால் படியும் எண்ணெய், இவை அனைத்தையும் விடப் பலமடங்கு தடிமனானது.

தூசி தட்டைக் கீறுவது மட்டுமே கேடு என்று நினைக்க வேண்டாம். மின்தடையால் படிக்கும் தலைக்கென்றே ஒரு தனிப் பலவீனம் உண்டு: துகளோடு உரசும் நொடியில் உணரி சூடாகும்; சூடானால் அதன் மின்தடை மாறும்; தட்டில் இல்லாத ஒரு சமிக்ஞை பெரிதாக எழுந்து உண்மையான பதிவுகளை மூழ்கடிக்கும். சமிக்ஞைச் சுற்றில் இதைக் கண்டறிந்து திருத்தத் தனி ஏற்பாடே வைத்திருக்கிறார்கள். மூடியில் சிறு துளையும் அதை மறைக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் கண்டிருப்பீர்கள். அது வடிகட்டி வழியே காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் வழி. 2013இலிருந்து வரத் தொடங்கிய ஹீலியம் நிரப்பிய டிஸ்க்குகளில் அந்தத் துளை இராது; அவற்றைத் திறந்தால் ஹீலியமும் போய்விடும்.

கேள்வி (ஆய்வு மாணவர், சென்னை): புதிய டிஸ்க்குகளில் லேசரால் தட்டைச் சூடாக்கி எழுதுகிறார்கள் என்று அறிகிறேன். தட்டு எரிந்துபோகாதா? இத்தனை சிரமம் எதற்கு?

பதில்: எதற்கு என்பதற்கு விடை, மேலே நாகர்கோவில் வாசகருக்குச் சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. துகளைச் சிறிதாக்கியும் பதிவு நிலைக்க வேண்டுமானால், கன அளவில் இழந்ததைப் பொருளின் இயல்பில் ஈடுசெய்ய வேண்டும். இரும்பும் பிளாட்டினமும் அணுவுக்கு அணு மாறி மாறி அடுக்கடுக்காக ஒழுங்குபட்ட படிகம், கோபால்ட் கலவையைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாகத் தன் திசையை இறுகப் பற்றிக்கொள்ளும். துகள் நான்கு நானோமீட்டர் ஆனாலும் அதில் பதிவு நிற்கும். ஆனால் அப்படி இறுகப் பற்றும் பொருளில் எழுதுவது எப்படி? எழுதும் முனையிலுள்ள இரும்பு–கோபால்ட் கலவையின் தெவிட்டு காந்தமாக்கல், அதாவது அது எட்டக்கூடிய உச்சக் காந்தமாக்கல், 2.4 டெஸ்லாவில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் பொருளை நாம் தலையில் வைக்க முடியவில்லை. இரும்பு–பிளாட்டினமோ அறை வெப்பநிலையில் அந்தப் புலத்துக்கு அசையாது. சிறிய துகள், நிலைத்த பதிவு, எழுத முடிகிற தட்டு என்ற மூன்றில் இரண்டைப் பிடித்தால் மூன்றாவது நழுவுகிறது.

வெப்பம் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. காந்தத்தன்மை மறைந்துபோகும் கியூரி வெப்பநிலையை நெருங்கும்போது எந்தக் காந்தப் பொருளும் தன் பிடியைத் தளர்த்தும். எழுத வேண்டிய இடத்தை மட்டும் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்கி, தலையின் புலத்தால் திசையைக் கொடுத்து, உடனே குளிரவிட்டால், பதிவு மீண்டும் இறுகிவிடும். இதெல்லாம் ஒரு நானோநொடி அளவிலான நேரத்தில் முடிகிறது. சூடாகும் இடமோ சில பத்து நானோமீட்டர் அகலமே உள்ளது. அதன் அடியில் வெப்பத்தை விரைந்து கடத்தும் படலம் ஒன்றும் இருக்கிறது. ஆகவே தட்டு முழுவதுமாகச் சூடேறுவதே இல்லை. அகச்சிவப்பு லேசரின் அலைநீளம் எண்ணூறு நானோமீட்டருக்கும் மேல் என்பதால், எந்த வில்லையாலும் அதை அவ்வளவு சிறிய புள்ளியாகக் குவிக்க முடியாது. தங்கத்தை முதன்மையாகக் கொண்ட ஒரு நுண்ணமைப்பைத் தலையின் முனையில் வைத்து, அதிலுள்ள எலக்ட்ரான்களை ஒளியோடு ஒத்ததிரச் செய்து, அதன் நுனியிலிருந்து ஆற்றலைத் தட்டுக்குள் இறக்குகிறார்கள்.

எரியும் அச்சம் தட்டைவிட இந்தத் தங்க நுனிக்குத்தான் பொருந்தும். சூட்டில் தங்கம் உருமாறிவிடாமல் ஆண்டுக்கணக்கில் உழைக்கச் செய்வதே பொறியாளர்களை மிக நீண்ட காலம் காக்கவைத்த சிக்கல்களில் ஒன்று. தட்டின் அடித்தளமும் மாற வேண்டியிருந்தது: இரும்பு–பிளாட்டினத்தை ஒழுங்குபட்ட படிகமாக்க, படியவைக்கும்போதே ஐந்நூறு டிகிரிக்கும் மேற்பட்ட சூடு தேவை; நிக்கல்–பாஸ்பரஸ் பூசிய அலுமினியத் தட்டு அதைத் தாங்காது என்பதால் கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்தார்கள். சீகேட் நிறுவனம் இந்த முறையில், ஒரு தட்டுக்கு 3 டெராபைட் வீதம் 30 டெராபைட்டும் அதற்கு மேலும் கொள்ளும் டிஸ்க்குகளை 2024 ஜனவரியில் அறிவித்தது.

எழுதும் முறை இப்படி மாறினாலும், படிப்பது இன்னும் மக்னீசியம் ஆக்சைடு படலத்தின் ஊடே செல்லும் எலக்ட்ரான்களைக் கொண்டுதான். நீங்கள் ஆய்வுத் தலைப்பைத் தேடிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு திறந்த கேள்வி உண்டு. பதிவுகள் வரிசையாக அமைந்த தடம் குறுகக் குறுக உணரியும் குறுக வேண்டும். அதன் தளையற்ற காந்தப் படலம் சிறுத்தால், தட்டின் துகளைப் புரட்டப் பார்க்கும் அதே வெப்ப அதிர்வு அந்தப் படலத்தையும் நடுங்கச் செய்து, சமிக்ஞையில் இரைச்சலாகக் கலக்கிறது. பெருக்கியை மேம்படுத்தி இதைத் தீர்க்க முடியாது, ஏனெனில் இரைச்சல் பிறப்பது உணரியின் காந்தத்திலேயே. இப்போதைக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உணரிகளை அடுக்கி, இரண்டும் சற்றே வேறுபட்ட இடங்களிலிருந்து தரும் சமிக்ஞைகளை இணைத்து, பக்கத்துத் தடத்தின் குறுக்கீட்டைக் கழித்துப் படிக்கும் தலைகள் சந்தையில் உள்ளன. ஆனால் ஒவ்வோர் உணரியின் வெப்ப இரைச்சலும் அப்படியே இருக்கிறது. அதைக் குறைக்க, பதிவின் புலத்துக்கு இசைந்து திரும்பியும் வெப்பத்துக்கு அசையாமலும் நிற்கும் தளையற்ற படலத்துக்கான பொருள் தேவைப்படுகிறது.